முன்வாசல் எது

எங்கள் வீட்டுக்குக் கட்டும்போதே வைத்த வாசல் இரண்டுதான், கிழக்கே தெருவைப் பார்த்து ஒன்று, மேற்கே துவைகல்லைப் பார்த்து ஒன்று. விளக்கு வைக்கிற நேரத்தில் மேற்கே உள்ள கதவைச் சாத்தி, கிழக்கே உள்ளதை விரியத் திறந்து வைப்போம், கிழக்கே ஏறி வருகிற லட்சுமி மேற்கே இறங்கிப் போய்விடக் கூடாது என்று எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரிதான் நாங்களும் செய்துகொண்டிருந்தோம், அப்படிச் செய்துகொண்டிருந்த ஒரு வைகாசியில் எங்கள் மதினி உலகம்மாளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், சொன்ன மறுநாள் காலையில் நான் பால் காய்ச்ச எழுந்து போனால், அடுப்படியின் வடக்குச் சுவரில் மூன்றாவதாக ஒரு வாசல் இருந்தது.

நிலை, கதவு, நாதாங்கி, இடுப்புக் குடத்தோடு இடிக்காமல் போகிற அகலம், எல்லாம் சரியாக இருந்தது. படியில் எறும்பு சாரை சாரையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் மதினியைக் கூப்பிட்டேன். மதினி பீடித் தட்டை மடியில் இருந்து இறக்காமல் எட்டிப் பார்த்தாள்.

“நல்லதாப் போச்சு போ. குழாயடிக்கு இனித் தெருவைச் சுத்த வேண்டாம்” என்றாள், இலையை நறுக்கத் தொடங்கிவிட்டாள்.

மதினி என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. தாய் தகப்பன் போன பிறகு பீடி சுற்றியே தம்பியை ஆளாக்கியவள், தன் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் “இலை காயுது, வாரேன்” என்று எழுந்துவிடுகிறவள். எனக்கு ஆள் முன்னால் வாய் வராது, சின்னதில் இருந்தே அப்படித்தான், யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பேன். பாலில் தண்ணீர் இருந்தால் பால்காரரிடம் கேட்பது மதினி, ரேஷன் கடையில் என் பெயரைச் சொல்வது மதினி, என் பிரசவ வலியைக்கூட டாக்டரம்மாவிடம் எடுத்துச் சொன்னது மதினிதான். “இவளுக்கு இடுப்புல புடிச்சு முன்னால வருதாம்மா, விட்டு விட்டு வருதாம்” என்று அவள் சொல்லச் சொல்ல, நான் கட்டிலில் கிடந்து தலையை மட்டும் ஆட்டினேன். மதினி இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது, அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

வாசலைப் பற்றித் தெரு ரொம்ப யோசிக்கவில்லை. எதிர்வீட்டுச் செண்பகம் அக்கா குடத்தோடு வந்து நின்று, “ஏ முப்புடாதி, இப்படிப் போனா குழாயடி கிட்டயாமே?” என்று கேட்டாள், நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியைத் தாண்டி இறங்கிவிட்டாள், அவளுக்குப் பின்னால் அவள் மாமியார் போனாள், மாமியாருக்குப் பின்னால் அவர்கள் வீட்டு ஆடு போனது, ஒரு வாரத்தில் தெருவே எங்கள் அடுப்படி வழியாகத் தண்ணீர் தூக்கியது, அந்த நேரத்துக்கு என்ன குழம்பு என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனது. பிச்சையா கொத்தனார் வந்து நிலையைத் தட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டைக் கட்டியவர் அவர்தான். “நான் வச்ச வாசல் இல்ல இது. ஆனா வேலை சுத்தமா இருக்கு” என்று கொஞ்சம் வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பிள்ளை பெற்று வந்த பிறகு மதினிக்குப் பிரஷர் வந்தது, தெற்குச் சுவரில் ஒரு வாசல் வந்தது. அந்தக் கதவு யாரும் தொடாமலே படார் என்று திறக்கும், படார் என்று சாத்தும், மதினி யாரையாவது ஏசினால் இரண்டு மடங்கு வேகமாக அடிக்கும். என் மகள் ஹரிணி அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகிக்கொண்டாள், சத்தம் நின்றால்தான் விழித்து அழுவாள். தெருவும் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தது. வெளியூர் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அந்த வாசலில் புகுந்து ஓடினார்கள், சாத்துகிற நேரம் பார்த்துக் குனிந்து ஓடக் கற்றுக்கொண்டார்கள்.

ஹரிணி நடக்கத் தொடங்கிய பிறகு மதினிக்குக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. கிட்னி பாதிப் பழுது என்றார்கள். மேற்குச் சுவரில், சர்க்கரை வாசலுக்குப் பக்கத்து மூலையில், குனிந்து போகிற உயரத்தில் ஒரு வாசல் வந்தது, அதன் படி எவ்வளவு துடைத்தாலும் ஈரமாகவே இருந்தது. அது வந்த கொஞ்ச நாளில் மதினிக்கு மூச்சு வாங்கியது, ஹார்ட் வீங்கியிருக்கிறது என்றார்கள், அவள் பாய் விரிக்கிற இடத்தில் தலைமாட்டை ஒட்டி இன்னொரு வாசல் வந்தது. அந்தக் கதவு உள்ளங்கையால் யாரோ மெல்லத் தட்டுகிற மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும். அதைத் திறந்தால் நேரே மைதீன் பாய் டீக்கடை.

“இது ஒண்ணுதான் உருப்படியான நோக்காடு” என்றாள் மதினி. “பாயி, அங்கனயே இருந்து ஒரு டீ நீட்டும். சீனி போடாம, பால் கொறச்சு, தண்ணியும் கொறச்சு.”

“அப்பம் வெறும் கிளாஸைத்தான் நீட்டணும் உலகு” என்றார் பாய்.

எல்லா வாசலுக்கும் நடுவில் மதினி பீடித் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் தூக்குகிறவர்களும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும் டீ குடிக்கிறவர்களும் அவளைச் சுற்றித்தான் போவார்கள் வருவார்கள், போகிறவர்களை அவள் ஏசுவாள், வருகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்பாள். நோய் வர வர எங்கள் வீட்டில் ஆள் நடமாட்டம் கூடியது. நான் மட்டும் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

எனக்குக் குழப்பம் அடுப்படியில்தான் தொடங்கியது. சர்க்கரை டாக்டர் தண்ணீர் நிறையக் கொடு என்றார், கிட்னி டாக்டர் ஒரு செம்புக்கு மேல் கண்ணில் காட்டாதே என்றார். கீரை நல்லது என்றார் ஒருவர், கீரையைத் தொடாதே என்றார் இன்னொருவர். கொய்யாக்காய் கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது. நடக்க வேண்டும், நடக்கக் கூடாது. ஒவ்வொருவரும் அவரவர் வாசலை மட்டும் சாத்தச் சொன்னார்கள், நான் ஒன்றைச் சாத்தினால் இன்னொன்று திறந்துகொண்டது, அதைச் சாத்த ஓடினால் முதலில் சாத்தியது திறந்தது. மதினியிடம் சொன்னால், “எல்லாரும் சொன்னதைச் சேத்து வடிகட்டினா கடைசியில மிஞ்சுறது சுடுகஞ்சிதான், அதை ஊத்து” என்பாள். அதில் உப்புப் போடலாமா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

விளக்கு வைக்கிற நேரம் அதைவிட மோசம். கிழக்கைத் திறந்து வை, மற்ற எல்லாவற்றையும் சாத்து என்றாள் செண்பகம் அக்கா. ஆள் புழங்குகிற வாசலைச் சாத்தினால் வீடு மூச்சு முட்டும் என்றார் பாய். என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி, மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்துவிட்டு வந்து, வேர்த்து விறுவிறுத்து நின்று, “எக்கா சொல்லுத மாதிரி செய்” என்பார். எக்கா என்ன சொல்வாள்? “விளக்கை முதல்ல ஏத்துளா. இருட்டுல எந்த வாசலும் தெரியாது” என்பாள்.

அப்போதுதான் விரிசல் விழுந்தது. சர்க்கரை வாசலும் கிட்னி வாசலும் சேர்கிற மூலையில், நிலைக்கு மேலே தொடங்கி உத்தரம் வரைக்கும் போனது. கொத்தனார் சாந்து குழைத்துப் பூசினார். காய்ந்ததும் அதே இடத்தில் விட்டது. மறுபடி பூசினார். “சுவத்துல ஒரு வாசல் இருந்தா ஒண்ணும் செய்யாது. ரெண்டு இருந்தாலும் செய்யாதுன்னுதான் நெனைக்கேன்” என்றார். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது சமாதானமாகவில்லை. ஒவ்வொரு வாசலும் தனித்தனியே பார்த்தால் சின்ன வாசல்தான், எதுவும் கூரையைச் சாய்க்கிற வாசல் கிடையாது, ஆனால் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்ததும் அந்த மூலையில் சுவர் என்று சொல்ல ஒரு முழம்கூட மிச்சம் இல்லை, கூரை எதன் மேல் நிற்கிறது என்று நான் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன்.

பயத்தில் நான் சர்க்கரை வாசலை இறுக்கிச் சாத்தினேன். நாதாங்கி போட்டு, அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்தேன். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன், சோற்றைக் குறைத்தேன், கிட்னிக்காகப் பருப்பையும் குறைத்தேன், அவள் பசிக்குது என்று சொன்ன அன்றும் நான் குறைத்தேன், நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தேன். ஒரு சாயங்காலம் மதினி பீடி சுற்றிக்கொண்டே என்னை “எம்மா” என்று கூப்பிட்டாள். எதிரில் நான்தான் இருந்தேன். “எம்மா, பள்ளிக்கூடம் விட்டாச்சு” என்றாள். கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கையில் இருந்த இலை நடுங்கியது. அதே நேரம் மற்ற வாசல்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டன, பிரஷர் கதவு அடித்த அடியில் ஓடு பொடிந்து விழுந்தது.

நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. செண்பகம் அக்கா தெற்கே வந்தாள், அவள் மாமியார் குனிந்து மேற்கே வந்தாள், பாய் தலைமாட்டு வாசல் வழியே கையை நீட்டி மதினியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “சர்க்கரை எறங்கிட்டு” என்றார். “எனக்கு எத்தன வாட்டி இப்படி ஆயிருக்கு! சீனி போட்ட டீதான் இதுக்கு.” அங்கிருந்தே கிளாஸை நீட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். மதினிக்குக் கண் தெளிந்தது.

“பாயி, சீனி போட்டுட்டீரு போலிருக்கே” என்றாள். “பழைய ருசி.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். வெள்ளை அரைக்கைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, வெளியூர்க்காரர் முகம். கூட்டத்தோடு எந்த வாசல் வழியாகவோ வந்திருக்கிறார்.

“எம்மா, என் செருப்பை எந்த வாசல்ல விட்டேன்னு தெரியலை” என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் போனேன். ஹரிணி தேடிப் போய்க் கிட்னி வாசலில் ஒரு ஜோடியை எடுத்து வந்து கொடுத்தாள், நனைந்திருந்தது. அவர் வாங்கிக்கொண்டு, மதினியை ஒருமுறை பார்த்துவிட்டு, கிழக்கே போவதா வடக்கே போவதா என்று கொஞ்சம் தடுமாறி, தெற்கே இறங்கிப் போனார்.

“இந்த ஆளு நம்ம வைரவன் வீட்டுக்கு வந்தவருல்லா?” என்றாள் செண்பகம் அக்கா.

வைரவன் மில் காவல்காரர், லைன் வீட்டில் இருந்தவர், ஒற்றை வாசல் வீடு. வாழ்நாளில் ஒரு மாத்திரை போட்டதில்லை என்று பெருமை பேசுவார். முன்பு ஒருநாள் இந்த ஆள் அந்த ஒற்றை வாசலில் நேரே ஏறினார், நேரே இறங்கினார், அவரோடு வைரவனும் போய்விட்டார், கொதிக்க வைத்த கருப்பட்டிக் காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று தெருவே பேசிக்கொண்டது. அதனால் இந்த ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். “அவருக்கும் வேலைன்னு ஒண்ணு இருக்குல்லா” என்றார் கொத்தனார்.

மறுநாளும் அந்த ஆள் வந்தார். செருப்பைக் கையில் பிடித்தபடி தெருமுனையில் நின்று, “உலகம்மா வீட்டுக்கு முன்வாசல் எது?” என்று கேட்டார். “முன்வாசல் வழியாத்தான் நான் ஆளைக் கூட்டிட்டுப் போகணும். மத்த வாசல்ல கொண்டுபோனா அது களவு.”

எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழி கேட்டு வந்தவரிடம் யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு, வந்தவரை அவமானப்படுத்துகிற மாதிரி. தபால்காரர் புதிதாக வந்தால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள், இரண்டு பேர் கூடவே நடந்து வருவார்கள். அவரையும் அப்படித்தான் கவனித்தார்கள். செண்பகம் அக்கா கிழக்கைக் காட்டினாள், பாய் தலைமாட்டு வாசலைக் காட்டினார், “ஊரே இப்பம் இது வழியாத்தான போகுது.” பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டே தெற்கைக் காட்டினார்கள். தண்ணீர் தூக்குகிற பெண்கள் வடக்கு என்று ஒரே குரலில் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவருக்கு அதுதான் முன்வாசல். அவர் கிழக்கே ஏறி மேற்கே இறங்கினார், வடக்கே ஏறித் தெற்கே இறங்கினார், மதினியைச் சுற்றிச் சுற்றி நடந்தார், கால் வலித்துப் போய்ப் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். “நாளைக்கு வாரேன்” என்று போனார்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். தெரு அவருக்கும் பழகிவிட்டது. பிள்ளைகள் அவரை வழி மாமா என்று கூப்பிட்டன, அவர் செருப்பைத் தேடிக் கொடுப்பது அவர்களுக்கு விளையாட்டானது. ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் சுற்றி நடந்துவிட்டுப் படியில் போய் நின்றவர், பிறகு அடுப்படியில் வந்து நின்றார். மதினிக்கு மூச்சு வாங்கிய நாளில் தூண்வரை வந்தார். அவள் காலில் வந்த புண் ஆறாமல் போன நாளில், அவர் பீடித் தட்டின் அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு நோய் இன்னொரு நோயின் கையைப் பிடிக்கிற நாளிலெல்லாம் அவர் ஒரு அடி முன்னால் வந்தார், வந்த அடியைத் திரும்ப வைக்கவில்லை.

“என்னண்ணே, வழி கிடைச்சுதா?” என்பாள் மதினி.

“கிடைக்கல தாயி. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ.”

“என் வீட்டுல எனக்கே வழி தெரியலை, ஒமக்கு எப்படித் தெரியும்? ஓரமா உக்காரும், தூள் பறக்கும்.”

இதில் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மதினிக்குப் பயம் இருந்ததா என்றும் தெரியவில்லை. ஒருமுறை தலைமுடிக்கு எண்ணெய் தேய்க்கும்போது, “ஹரிணியைப் பள்ளிக்கூடத்துல நான்தான் கொண்டு விடணும். நீ கூட்டிட்டுப் போனா வாசல்லயே நிப்பே” என்றாள். அவள் கழுத்து நரம்பு என் விரலுக்குக் கீழே கதவு மாதிரி அதிர்ந்தது.

தெருவுக்கு ஒருநாள் அலுத்தது. வருகிறவர் பாவம், தினமும் அலைகிறார், ஒரு வழி கேட்டதற்கு ஒரு பதில் சொல்லத் துப்பில்லாத தெரு என்று வெளியில் போய்ச் சொன்னால் யாருக்கு அவமானம் என்று பேச்சு வந்தது. என் வீட்டுக்காரருக்கும் அலுப்பு. “வீடுன்னா ஒரு முன்வாசல் வேணும்லா” என்றார், எதற்குச் சொல்கிறார் என்று அவருக்கே விளங்கவில்லை, அக்காவுக்காக ஆஸ்பத்திரிக்கும் மில்லுக்கும் அலைந்து அவர் கண் உள்ளே போயிருந்தது. ஒரு சாயங்காலம் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். பிச்சையா கொத்தனார் நூலும் தூக்குக்குண்டும் கொண்டு வந்தார்.

“இது என்ன பெரிய காரியம்?” என்றார். “கட்டும்போது வச்ச வாசலு எது? மஞ்சள் குங்குமம் வச்சு நிலை நிறுத்தினது எது? கிழக்க. நான்லா நிறுத்தினேன். மேக்க உள்ளது புறவாசல், மத்ததெல்லாம் நடுவுல வந்தது. வந்ததெல்லாம் முன்வாசலாயிருமாவே?”

“நியாயம்தான்” என்றார் பாய்.

“நான் அன்னைக்கே சொன்னேன்” என்றாள் செண்பகம் அக்கா.

தண்ணீர்ப் பெண்களும் தலையை ஆட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது, இத்தனை நாள் ஏன் சண்டை போட்டோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வழி கேட்டு வந்தவர் எழுந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். கிழக்கு வாசலை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து மதினியின் பீடித் தட்டின் விளிம்பில் கையை வைத்தார், “இறக்கி வை தாயி” என்று சொல்கிற மாதிரி, ரொம்பப் பதமாக. மதினி தட்டை விடவில்லை. விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்குச் சரியாகத் தெரியும், கிழக்குதான் முன்வாசல், கொத்தனார் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து எடுத்தேன்.

“கிழக்க இல்ல” என்றேன்.

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர்கூட வெளியில் எட்டிப் பார்த்தார்.

“என் கல்யாணத்தன்னைக்குக் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தாவ. கிழக்க கால் வைக்க எடமில்ல. மதினிதான் என் கையைப் புடிச்சுத் துவைகல்லுப் பக்கமாக் கூட்டிட்டு வந்தாவ. ஆரத்தி எடுத்தது மேக்க. நான் வலது காலை வச்சு ஏறினது மேக்க. வீட்டுக்கு வந்தவ காலை வச்ச வாசல்தான முன்வாசல்?”

பிரஷர் கதவு அடிக்க மறந்து நின்றது.

“அட, ஆமா!” என்றாள் செண்பகம் அக்கா. “அந்தத் தட்டை நான்லா புடிச்சேன்! ஆரத்தித் தண்ணியைத் துவைகல்லுலதான கொட்டினேன்! அப்பம் மேக்கதான்!”

“இப்பம்தான கிழக்குன்னே?” என்று ஒருத்தி மடக்கினாள்.

“அப்பம் இவ சொல்லல, இப்பம் சொல்லுதா!”

“மருமக ஏறினா புறவாசல் முன்வாசலாயிருமா? நிலை வச்சவன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன்!” என்று கொத்தனார் நூலைத் தூக்கிப் போட்டார்.

“ஏறினதைக் கணக்குல எடுக்கணுமா, எறங்குறதைக் கணக்குல எடுக்கணுமா, அதை முதல்ல சொல்லும்வே” என்றார் பாய், பெஞ்சில் இருந்து எழுந்து தலைமாட்டு வாசல் வழியாக முழுசாக உள்ளே வந்துவிட்டார்.

“ஹரிணியைப் பெத்து ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வந்தன்னைக்கு நல்ல மழை” என்றேன் நான். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, ஆனால் நிற்கவில்லை. “குழாயடி வரைக்கும்தான் ஆட்டோ வந்துச்சு. அடுப்படி வாசலாலதான் பிள்ளையை உள்ள கொண்டு வந்தோம். இந்த வீட்டுப் பிள்ளை முதல்ல வந்த வாசல் வடக்க. அதையும் பாக்கணும்லா.”

“பாக்கணும், பாக்கணும்!” என்று தண்ணீர்ப் பெண்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள். தெற்கே பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒருவர் என்ன சண்டை என்று நின்றுவிட்டார், பஸ் போகிற சத்தம் கேட்டது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தெற்கு வாசலுக்காகப் பேசத் தொடங்கினார். எல்லா வாசலிலும் ஆள் நின்றது. எல்லாரும் எல்லாப் பக்கமும் கையை நீட்டினார்கள்.

வழி கேட்டு வந்தவர் நடுவில் நின்று ஒவ்வொரு கையாகப் பார்த்தார். பீடித் தட்டில் இருந்து தன் கையை எடுத்து, தலையைச் சொறிந்துகொண்டார். ஓரடி பின்னால் வைத்தார். ஓரடிதான், அதற்கு மேல் இல்லை, அந்த ஓரடியை நான் கண்ணால் பார்த்தேன். மூலையில் விரிசல் அப்படியேதான் இருந்தது, மதினியின் கால் அப்படியேதான் வீங்கியிருந்தது, ஆனால் அவள் மடியில் தட்டு இருந்தது. அவள் ஒரு இலையை எடுத்து, தூளை வைத்து, விரலால் உருட்டத் தொடங்கினாள்.

“எண்ணே, நின்னு கால் கடுக்காதீரும், உக்காரும்” என்றாள் அவள், தலையைத் தூக்காமல். “இவ வாயைத் தொறந்தா இன்னைக்கு முடிக்க மாட்டா.”

பிள்ளையை அந்த இடுப்பில் இருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தெற்கு வாசலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.